எழுத்தெல்லாம் தெரிகிறது, வாசிக்க ஏன் வரவில்லை?

எந்த எழுத்தைக் காட்டினாலும் பெயர் சொல்கிற குழந்தை. பாடப் புத்தகத்தின் முதல் சில பக்கங்களைக் கடகடவென்று ஒப்பிக்கவும் செய்கிறது. அதுவரை பார்க்காத ஒரு வரியை நீட்டினால் மட்டும் வாயே திறப்பதில்லை. திறந்தாலும் இரண்டு எழுத்தைச் சொல்லிவிட்டு மிச்சத்தை ஊகிக்கிறது. "விளையாட்டுப் புத்தி" என்பார் ஒருவர், "கவனமே இல்லை" என்பார் இன்னொருவர். "நேற்று வாசித்த அதே சொல்லை இன்று எப்படி மறப்பாய்?" என்று அதட்டுவதும் நடக்கும்.

இது அங்கொன்றும் இங்கொன்றுமான சங்கதி இல்லை. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் பத்து வயதுக் குழந்தைகளில் 53 சதவீதத்தினரால் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று உலக வங்கி 2019-இல் கணக்கிட்டது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022-இல் அது சுமார் 70 சதவீதமாகியிருக்கும் என மதிப்பிட்டது. வறுமை, ஆசிரியர் பற்றாக்குறை, பள்ளிக்கு வராத நாட்கள் எல்லாம் இதில் அடக்கம்தான். ஆனால் பள்ளிகள் ஒழுங்காக நடக்கும் பணக்கார நாடுகளிலும் வாசிப்பில் பின்தங்கும் குழந்தைகள் ஒரு கணிசமான பங்கு. இத்தனை பேருக்கும் விளையாட்டுப் புத்தி என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

வாசிப்பு என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் நாலைந்து வேலைகளின் அடுக்கு. எந்த அடுக்கில் தடுக்கினாலும் வெளியில் தெரிவது ஒரே காட்சிதான்: திக்கித் திணறும் குழந்தை. அதனால்தான் எல்லாருக்கும் ஒரே மருந்து எழுதிக் கொடுக்கிறோம்: "இன்னும் பத்து தடவை படி."

பேச்சு தானாக வரும், வாசிப்பு வராது

பேசுவதற்கு யாரும் குழந்தைக்குப் பாடம் எடுப்பதில்லை. சுற்றி நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் போதும், மூன்று வயதில் வாக்கியம் வாக்கியமாக வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. புத்தகங்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்தாலும், யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் வரும். விதிவிலக்காகத் தானே கற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. அவர்களை வைத்து மற்றவர்களை அளப்பதுதான் தவறு.

மனித இனம் எவ்வளவோ காலமாகப் பேசி வருகிறது. எழுத்து பிறந்தது ஐயாயிரம் ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, சுமேரியாவின் களிமண் பலகைகளில். அதன் பிறகும் உலகில் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாமலே வாழ்ந்து முடித்தார்கள். ஆகவே, வாசிப்பதற்கென்று மூளையில் தனி இடம் ஒன்று பரிணாமத்தில் உருவாகியிருக்க வாய்ப்பில்லை.

ஆனாலும் வாசிக்கத் தெரிந்தவர் மூளையில் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 1892-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் தெஜெரின் ஒரு விசித்திரமான நோயாளியைப் பற்றி எழுதினார். பக்கவாதத்துக்குப் பிறகு அவரால் பேச முடிந்தது, எழுதக்கூட முடிந்தது. தான் எழுதியதைத் திரும்ப வாசிக்க மட்டும் முடியவில்லை. மூளையின் இடது பின்பகுதியில் ஏற்பட்ட பாதிப்பே காரணம். நூறாண்டுக்குப் பின் ஸ்கேன் கருவிகள் வந்து அந்த வட்டாரத்தை உறுதிப்படுத்தின. இன்று அதைக் காட்சிச் சொல்வடிவப் பகுதி என்கிறார்கள்.

பிறவியில் இல்லாத இடம் எப்படி வந்தது? பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்தானிஸ்லாஸ் தெஹானேயின் விளக்கம் இது: முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காண இருந்த பகுதியில் ஒரு துண்டை எழுத்துக்கென்று மூளை மாற்றியமைத்துக்கொள்கிறது. 2010-இல் அவரது குழு படிக்காதவர்கள், பெரியவர்களான பின் படித்தவர்கள், சிறு வயதிலேயே படித்தவர்கள் என்று பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் ஆட்களைச் சேர்த்து மூளையைப் படம் எடுத்தது. வாசிப்புத் திறன் கூடக்கூட அந்தப் பகுதி எழுத்துக்குக் காட்டும் துடிப்பும் கூடியது. காதில் விழும் பேச்சுக்கு மூளை காட்டும் எதிர்வினையும் மாறியிருந்தது. குழந்தையிடம் நாம் கேட்பது சின்ன வேலை இல்லை, மூளைக்குள்ளேயே ஒரு மறுகட்டுமானம்.

பழைய பகுதியைப் புது வேலைக்கு எடுத்தால் பழைய பழக்கமும் கூடவே வரும். ஒரு பூனை இடப்பக்கம் திரும்பி நின்றாலும் வலப்பக்கம் திரும்பி நின்றாலும் பூனைதான். மூளை அதை அப்படித்தான் பார்க்கக் கற்றிருக்கிறது. எழுத்தில் இந்தச் சலுகை செல்லாது. ஆங்கிலத்தின் சின்ன 'பி'யும் சின்ன 'டி'யும் ஒரே உருவம், திசை மட்டுமே வேறு. ஐந்து, ஆறு வயதில் குழந்தைகள் எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுவது இதனால்தான். அந்த வயதில் அது நோயின் அறிகுறி ஆகாது.

சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒலி

பெரும்பாலான குழந்தைகள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் கண்ணில் இல்லை, காதில் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த நமக்கு இந்தச் சிரமம் நினைவிலேயே இருக்காது என்பதால் இதை நிதானமாகப் பார்ப்போம்.

'பால்' என்ற சொல்லில் எத்தனை ஒலி? ப், ஆ, ல் என்று மூன்று. இது நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் பேசும்போது அவை மாலையில் கோத்த மணிகள் மாதிரி தனித்தனியாக வருவதில்லை. 'ப்' என்று உதடு மூடியிருக்கும்போதே நாக்கு 'ஆ'வுக்குத் தயாராகிவிடுகிறது. 'ஆ' முடியும் முன்பே 'ல்' கலந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மன் குழுவினர் பதிவு செய்த பேச்சை ஒலி ஒலியாக வெட்டிப் பிரிக்கப் பார்த்தார்கள். முடியவில்லை. ஒரு ஒலியை மட்டும் தனியே எடுக்க எந்த இடத்தில் வெட்டினாலும் பக்கத்து ஒலியும் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒலியன் என்று மொழியியலில் சொல்லும் இந்த மிகச் சிறிய அலகு, காதுக்கு நேரடியாகக் கிடைக்கிற பொருள் கிடையாது. மனத்தால் பிரித்து உணர வேண்டிய ஒன்று. குழந்தைக்குப் 'பால்' என்றால் குடிக்கிற பொருள். அதற்குள் ஒலி இருப்பதைப் பற்றி அது ஏன் கவலைப்பட வேண்டும்?

ஆல்வினின் மனைவியும் உளவியலாளருமான இசபெல் லிபர்மன் 1974-இல் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஒரு சொல்லில் எத்தனை அசை (ஒரே வீச்சில் சொல்கிற துண்டு; 'அம்மா'வில் அம், மா என இரண்டு), எத்தனை ஒலி என்று குழந்தைகள் மேசையில் தட்டிக் காட்ட வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் அசைகளைச் சரியாகத் தட்டினார்கள். ஒலிகளைத் தட்டியவர் ஒருவர்கூட இல்லை. முதல் வகுப்பு முடியும் வேளையில் அசைக்கு 90 சதவீதம், ஒலிக்கு 70 சதவீதம். மீதி முப்பது சதவீதத்தைக் கவனியுங்கள். ஓர் ஆண்டு பள்ளிக்குப் போன பிறகும் அவர்களுக்குச் சொல் உடையவில்லை.

வயது கூடினால் தானாக வந்துவிடுமா? வராது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 1979-இல் ஜோசே மொரைஸ் குழுவினர் போர்ச்சுகல் கிராமத்துப் பெரியவர்களிடம், ஒரு சொல்லின் முதல் ஒலியை நீக்கிவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள். பள்ளிக்கே போகாதவர்கள் தடுமாறினார்கள். அதே ஊர்ப் பக்கத்தில் பெரியவர்களான பின் எழுதப் படிக்கக் கற்றவர்கள் எளிதாகச் செய்தார்கள். இதைவிடச் சுவையானது 1986-இல் சீனாவில் சார்லஸ் ரீட் குழுவினர் கண்டது. அங்கே இரு சாராருமே படித்தவர்கள். சீனச் சித்திர எழுத்தை மட்டும் கற்றவர்களுக்கு ஒலியைப் பிரிக்க வரவில்லை. கூடவே ஒலிக்கு ஓர் எழுத்து என்ற பின்யின் முறையையும் கற்றவர்களுக்கு வந்தது.

அதாவது ஒலியன் விழிப்பு, அதாவது சொல்லை ஒலி ஒலியாகப் பிரித்து உணரும் திறன், வந்த பிறகுதான் வாசிப்பு என்று காத்திருக்க முடியாது, வாசிப்பு வந்தால் அது தானே வரும் என்று விட்டுவிடவும் முடியாது. இரண்டையும் சேர்த்தே வளர்க்க வேண்டும்.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு கூடுதல் இடைஞ்சல் உண்டு. மெய்யெழுத்தை 'இக்', 'இம்', 'இல்' என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். தனியே உச்சரிக்க முடியாத ஒலிக்கு முன்னால் ஓர் இகரத்தை ஒட்டிக்கொண்டால்தான் சொல்ல வரும் என்பதால் வந்த ஏற்பாடு. இதை மனத்தில் வாங்கிய குழந்தை 'மரம்' என்பதை எழுத்துக்கூட்டினால் "ம, ர, இம்" என்கிறது. நிமிர்ந்து ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறது. "என்ன சொல்?" என்றால் "மரயிம்?" என்கிறது. எழுத்து தெரிகிறது, வரிசையும் சரி. அந்த இகரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு 'ம்' என்ற மூடிய உதட்டை மட்டும் முந்தைய 'ர'வோடு ஒட்ட வேண்டும் என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. எழுத்தின் பெயர் வேறு, எழுத்தின் ஒலி வேறு. இந்த ஒரு விஷயம் பிடிபடாமலே பல குழந்தைகளுக்கு மாதக் கணக்கில் ஓடிவிடுகிறது.

எழுத்து முறையும் ஒரு காரணம்

எல்லா மொழியிலும் ஒரே அளவு சிரமம் இல்லை. 2003-இல் பிலிப் சீமோர் குழுவினர் 13 ஐரோப்பிய மொழிகளில் முதல் வகுப்பு முடிக்கும் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். ஃபின்னிஷ் குழந்தைகள் பழக்கமான சொற்களில் 98 சதவீதத்தைச் சரியாக வாசித்தார்கள். ஆங்கிலக் குழந்தைகள் 34 சதவீதம்தான். ஃபின்னிஷில் ஓர் எழுத்துக்கு ஏறக்குறைய ஓர் ஒலி. ஆங்கிலத்தில் 26 எழுத்து, சுமார் 44 ஒலி, எதற்கு எது என்பதில் ஆயிரம் விதிவிலக்கு. சீனத்தில் கதையே வேறு: தொடக்கப் பள்ளி முடிவதற்குள் சுமார் 3000 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும்.

தமிழ் எந்தப் பக்கம்? எழுதியபடி வாசிக்கலாம் என்று பெருமையாகச் சொல்வோம். பெரும்பாலும் உண்மை. ஆனால் கற்கும் குழந்தையின் உயரத்திலிருந்து பார்த்தால் சில மேடுகள் தெரியும்.

1. எண்ணிக்கை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. கிரந்த எழுத்துகள் தனி. சில பத்து வடிவங்களையும் அவை சேரும் முறையையும் கற்றால் மொத்தமும் கைக்கு வரும். சேரும் முறையைக் காட்டாமல் அட்டவணையாக ஒப்பிக்க வைத்தால் குழந்தைக்கு அது 247 தனிப் படங்கள். கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்து சோனாலி நாக் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் முறை எழுத்துகளைக் கைவசப்படுத்துவது முதல் வகுப்போடு முடிவதில்லை, மேல் வகுப்புகளுக்கும் நீள்கிறது என்று காட்டியது.

2. கண் போகும் திசையும் வாய் போகும் திசையும் ஒத்துப்போவதில்லை. 'கெ', 'கே', 'கை' மூன்றிலும் கண்ணில் முதலில் படுவது உயிர்க்குறி. வாயில் முதலில் வர வேண்டியது 'க்'. 'கொ'வில் உயிர்க்குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. பின்னால் நிற்கும் காலை 'ர' என்று எடுத்துக்கொண்டு 'கெர' என்று வாசிக்கும் குழந்தை நியாயமாகத்தான் தவறு செய்கிறது. 'கௌ'வில் நிற்கும் குறிக்கும் 'ள'வுக்கும் உருவத்தில் வித்தியாசமே இல்லை.

3. உகர, ஊகார வரிசைகள். கு, சு, து, பு, மு என்று ஒவ்வொன்றிலும் குறி ஒவ்வொரு விதமாக ஒட்டுகிறது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னை, லை போன்றவற்றை ஒழுங்குபடுத்தியது. இந்த வரிசைகள் பழையபடியே இருக்கின்றன. இவற்றை மட்டும் தனியே பழக்குவதைத் தவிர வழியில்லை.

4. ஓர் எழுத்து, பல ஒலி. 'குடம்', 'குணம்' இரண்டிலும் முதல் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. 'பக்கம்', 'தங்கம்', 'பகல்' மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. சொல் முன்பே காதில் விழுந்திருந்தால் குழந்தை தானே திருத்திக்கொள்ளும். கேட்டிராத சொல் என்றால் திருத்திக்கொள்ள வழியில்லை.

5. ஒத்த உருவங்கள்: எ, ஏ; ஒ, ஓ; ன, ண; ப, ம, ய. பெரும்பாலானவர்களுக்கு இது சில மாதங்களில் சரியாகிவிடும்.

இந்த மேடுகளைத் தாண்டியவர்களுக்குப் பெரிய ஆதாயம் ஒன்று கிடைக்கிறது: எந்தப் புதுச் சொல்லையும் எழுத்துக்கூட்டிவிடலாம். ஆங்கிலத்தில் இந்த உத்தரவாதம் இல்லை. ஆனால் அதே காரணத்தால், ஒழுங்கான எழுத்து முறைகளில் வாசிப்புச் சிக்கல் பெரும்பாலும் பிழையாக வெளிப்படுவதில்லை, மந்தமாக வெளிப்படுகிறது. ஜெர்மன் குழந்தைகளிடம் இதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். குழந்தை சரியாக வாசிக்கும், ஆனால் ஒரு வரிக்கு ஒரு நிமிடம் எடுக்கும். பிழைகளை மட்டும் எண்ணி மதிப்பெண் போடும் ஆசிரியர் கண்ணில் இவர்கள் படுவதே இல்லை.

எழுத்துக்கூட்டுவதிலிருந்து சரளத்துக்கு

'மரத்தடியில்' என்று ஒரு சொல். ம, ர, த், த, டி, யி, ல்: ஏழு எழுத்து. புதிதாக வாசிக்கும் குழந்தை ஒவ்வொன்றையும் பார்த்து, ஒலியை நினைவுக்குக் கொண்டுவந்து, முந்தையதோடு ஒட்டி, அந்த ஒட்டலை மறக்காமல் வைத்துக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். தற்காலிக நினைவில் ஒரே நேரத்தில் சில துண்டுகளைத்தான் வைத்திருக்க முடியும். 'யி'க்கு வரும்போது 'மர' நழுவிவிட்டது. திரும்ப முதலிலிருந்து. கடைசியில் சொல் வந்தாலும், வாக்கியம் எங்கே தொடங்கியது என்பது போயே போய்விட்டது. 'போய்க்கொண்டிருந்தபோது' என்பதில் பதினொரு எழுத்து. தமிழில் விகுதிகள் ஒட்டி ஒட்டிச் சொல் நீள்வதால் இந்தச் சுமை அதிகம். முதல் வாசிப்புப் புத்தகம் தயாரிப்பவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

தேர்ந்த வாசகருக்கு இந்தச் சுமை இல்லை. பழகிய சொல் பார்த்தவுடன் முழுதாக வந்துவிடுகிறது. அதைப் படமாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. எழுத்துக்கூட்டிச் சரியாக வாசித்த ஒவ்வொரு தடவையும் சொல்லின் எழுத்துவரிசை அதன் ஒலியோடும் பொருளோடும் பிணைந்து, சில தடவைகளில் நிலைத்துவிடுகிறது. இதை டேவிட் ஷேர் 1995-இல் தானே கற்பித்துக்கொள்ளும் முறை என்று விளக்கினார்: சரியாக எழுத்துக்கூட்டத் தெரிந்த குழந்தைக்கு அது வாசிக்கும் ஒவ்வொரு பக்கமும் ஆசிரியர்தான். எழுத்துக்கூட்டாமல் ஊகித்தால் பிணைப்பு நடப்பதில்லை. நேற்று வாசித்த சொல்லை இன்று மறப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நேற்றும் அது அந்தச் சொல்லை வாசிக்கவில்லை, சரியாக ஊகித்தது.

வாசித்தாயிற்று, புரியவில்லை

ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் ஒரு சிறிய சூத்திரம் தந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்வது = எழுத்தைச் சொல்லாக்கும் திறன் × மொழியைப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். இரண்டில் எது பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தைக்கு எவ்வளவு சொல்வளம் இருந்தும் பக்கம் திறக்காது. சரளமாக வாசித்தாலும் சொற்கள் தெரியாவிட்டால் வெறும் சத்தம்தான் மிஞ்சும்.

இரண்டாவது காரணியில் உலக அறிவும் அடங்கும். 1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்தார்கள். வாசிப்பில் பலவீனமான, ஆனால் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், வாசிப்பில் கெட்டிக்காரர்களான, ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டார்கள். 'புரிதல் பயிற்சி' என்று கேள்வி பதிலை மட்டும் திணிக்கும் புத்தகங்கள் இந்த ஆய்வைக் கண்டுகொள்வதே இல்லை.

மொழியே வேறாக இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. தங்களுக்குப் பேசிப் புரியும் மொழியில் கல்வி கிடைக்காதவர்கள் உலகில் சுமார் 40 சதவீதம் என்பது யுனெஸ்கோவின் மதிப்பீடு. எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்த சொல் ஏற்கெனவே தெரிந்த சொல்லாக இருந்தால் "அட, இதுதானா!" என்ற உறுதி கிடைக்கும். தெரியாத மொழியில் அந்த உறுதியே கிடைக்காது. சரியாக வாசித்தோமா என்பதுகூடக் குழந்தைக்குத் தெரியாது.

தமிழே வீட்டு மொழியாக இருந்தாலும் இதில் ஒரு பங்கு உண்டு. குழந்தை பேசுவது 'எல', 'ஒடம்பு', 'வந்துட்டாங்க', 'தெரியல'. புத்தகத்தில் இருப்பது 'இலை', 'உடம்பு', 'வந்துவிட்டார்கள்', 'தெரியவில்லை'. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு இடைவெளி உள்ள மொழிகளின் நிலையை இரட்டை வழக்கு என்பார்கள். அரபு மொழியிலும் இதே நிலைதான். "வ, ந், து, வி, ட், டா, ர், க, ள்" என்று கூட்டி முடித்த குழந்தைக்கு அது தனக்குத் தெரிந்த 'வந்துட்டாங்க'தான் என்று சட்டென உறைக்காது. கதைகளை எழுத்து நடையிலேயே வாய்விட்டு வாசித்துக் காட்டிக் கேட்க வைத்த குழந்தைகளுக்கு இந்த இடைவெளி சிறிதாகிவிடும். காதில் விழுந்த மொழிதானே கண்ணில் பட்டதும் பிடிபடும்.

ஊகிக்கச் சொல்லிக்கொடுத்த கதை

சிரமத்தில் ஒரு பகுதியைப் பெரியவர்களே உண்டாக்கினார்கள். 1967-இல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன் வாசிப்பை ஓர் ஊக விளையாட்டு என்று வருணித்தார். தேர்ந்த வாசகர் எல்லா எழுத்தையும் பார்ப்பதில்லை, சூழலை வைத்து அடுத்த சொல்லை ஊகித்துப் போகிறார் என்பது அவர் வாதம். இதை ஒட்டி, தெரியாத சொல் வந்தால் படத்தைப் பார், முதல் எழுத்தைப் பார், பொருந்துவது எது என்று யோசி என்று பல ஆங்கில நாடுகளில் வகுப்பு நடத்தினார்கள்.

கண்ணசைவுகளை அளக்கும் கருவிகள் மேம்பட்டபோது வேறு உண்மை வந்தது. நல்ல வாசகரின் கண் கால் நொடிக்கு ஒருமுறை நின்று நின்று பெரும்பாலான சொற்களைத் தொட்டுத்தான் போகிறது. சூழலை நம்பி ஊகிப்பது பலவீனமான வாசகரின் பழக்கம். 2000-இல் அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு ஆய்வுகளைத் தொகுத்து, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை முறையாகக் கற்பிப்பது பலன் தருகிறது என்றது. ஒலியன் விழிப்பு, சரளம், சொல்வளம், புரிதல் ஆகியவையும் அதன் பட்டியலில் இருந்தன. இங்கிலாந்து 2012 முதல் முதல் வகுப்பு மாணவர்களுக்கு 40 சொற்கள் கொண்ட ஒரு சிறு சோதனை வைக்கிறது. அதில் 20 சொற்கள் அர்த்தமே இல்லாதவை. ஊகித்துத் தப்பிக்க முடியாதபடி செய்த ஏற்பாடு அது.

நம் வகுப்பறைகளில் எழுத்துக்கூட்டும் மரபு உண்டு, ஆகவே இந்தச் சண்டை நமக்கில்லை என்று சொல்லலாம்தான். ஆனால் வகுப்பு முழுவதும் ஒரே குரலில் திரும்பச் சொல்லும்போது, பக்கத்துப் பிள்ளையின் குரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் பார்க்காமலே ஓர் ஆண்டை ஓட்டிவிடலாம். அதுவும் ஊகம்தான், காது வழியாக.

டிஸ்லெக்ஸியா எது, எது இல்லை

நல்ல கற்பித்தல் இருந்தும், பார்வையும் கேட்கும் திறனும் அறிவும் சரியாக இருந்தும், எழுத்துக்கூட்டுவதும் சரளமும் விடாப்பிடியாக வராமல் இருப்பதை டிஸ்லெக்ஸியா என்கிறார்கள். பெயர் வைத்தவர் ஜெர்மன் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின், ஆண்டு 1887. 1896-இல் ஆங்கில மருத்துவர் பிரிங்கிள் மார்கன் 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். பாடம் முழுவதும் வாய்வழியாக மட்டும் நடந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்று அவன் ஆசிரியரே சொன்னாராம். அப்போதே அறிவுக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பது தெரிந்திருந்தது.

மதிப்பீடுகள் வேறுபட்டாலும், 5 முதல் 10 சதவீதம் என்பது பரவலாகச் சொல்லும் அளவு. குடும்ப வழியில் வருவது அதிகம். பெரும்பாலானவர்களிடம் அடிப்படைக் குறை ஒலிகளைப் பிரித்துக் கையாள்வதில் இருக்கிறது. எழுத்து குதிப்பதாகவோ தலைகீழாகத் தெரிவதாகவோ படங்களில் காட்டுவது மிகை. இந்தக் குழந்தைகளுக்கு வேண்டியது வேறு மாயமான முறை எதுவும் இல்லை. மற்றவர்களுக்கு வேண்டியதே இன்னும் சிறு துண்டுகளாக, இன்னும் நிறைய தடவை, இன்னும் முன்கூட்டியே வேண்டும்.

முன்கூட்டியே என்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசிக்க வருகிறவன் நிறைய வாசிக்கிறான், அதனால் சொல்வளம் கூடுகிறது, அதனால் இன்னும் எளிதாக வாசிக்கிறான். வராதவன் தவிர்க்கிறான். கீத் ஸ்டானோவிச் 1986-இல் எழுதியது இதைத்தான்: சிறிதாகத் தொடங்கும் இடைவெளி ஆண்டுக்காண்டு அகலும். மூன்றாம் வகுப்புக்கு மேல் எல்லாப் பாடமும் வாசிப்பு வழியாகவே வருவதால், அறிவியலிலும் கணக்கிலும் பின்தங்குவதாகத் தெரியும் பிள்ளை உண்மையில் கேள்வியையே வாசிக்க முடியாமல் இருக்கலாம்.

எங்கே தடுக்குகிறது என்று பார்ப்பது எப்படி?

பெரிய கருவி எதுவும் வேண்டாம். கீழே உள்ளவை நோயைக் கண்டறியும் சோதனைகள் இல்லை. எந்த அடுக்கில் உதவி வேண்டும் என்று காட்டுபவை.

1. புத்தகத்தை மூடிவிட்டு வாயால் மட்டும் கேளுங்கள்: "ப், ஆ, ல், சேர்த்தால் என்ன?" "'கால்' என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டால்?" இதில் தடுமாறினால் எழுத்து அட்டவணையை இன்னும் நூறு தடவை எழுதி ஒன்றும் ஆகாது. ஒலியோடு விளையாட வேண்டும்.

2. 'மிலா', 'தகுட்', 'பொனி' மாதிரி அர்த்தமில்லாத சொற்களை எழுதிக் கொடுங்கள். பாடத்தைச் சரளமாக வாசிக்கிற பிள்ளை இதில் நின்றால், பாடத்தை மனப்பாடத்தில் ஓட்டியிருக்கிறது.

3. எந்த எழுத்துகளில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒகர, ஓகார வரிசையில் மட்டும் என்றால் அதை மட்டும் ஒரு வாரம் பழக்கினால் போதும். முழுப் பாடத்தையும் திரும்ப ஆரம்பிக்கத் தேவையில்லை.

4. சரியாக வாசிக்கிறது, ஆனால் ஊர்ந்து போகிறது என்றால், அதன் மட்டத்துக்கு எளிதான சிறு பத்தியை நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டி, அதையே குழந்தையை மூன்று நான்கு தடவை வாசிக்க விடுங்கள். கடினமான புதுப் பத்தி இங்கே உதவாது.

5. அதே பத்தியை நீங்கள் வாசித்துக் கதை கேளுங்கள். காதால் கேட்டும் புரியவில்லை என்றால் சிக்கல் மொழியிலும் சொல்வளத்திலும் இருக்கிறது, எழுத்தில் இல்லை. கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் நேர்மாறு.

6. கண், காது இரண்டையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். கிட்டத்தில் மங்கலாகத் தெரிவதும், அடிக்கடி வரும் காதுத் தொற்றால் கேட்கும் திறன் குறைவதும் எளிதில் கவனத்துக்கு வராதவை. ஆனால் டிஸ்லெக்ஸியாவைக் குணப்படுத்தும் என்று விற்கப்படும் வண்ணக் கண்ணாடிகளுக்கும் கண் பயிற்சிகளுக்கும் பணத்தைக் கொட்ட வேண்டாம். அவற்றுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் கண் மருத்துவ அமைப்புகளோடு சேர்ந்து 2009-இலேயே அறிவித்துவிட்டது.

இதையெல்லாம் முறையாகச் செய்து சில மாதங்கள் ஆகியும் அசைவே இல்லை என்றால், அடுத்த ஆண்டு சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் கற்றல் குறைபாட்டுக்கான நிபுணரிடம் அழைத்துப் போகலாம். போகும்போது மேலே சொன்ன ஆறில் எதில் நின்றது, எதில் ஓடியது என்ற குறிப்பைக் கையோடு கொண்டுபோனால், அவர் வேலை பாதியாகக் குறையும்.